ஜூன் மாதத்துப் பேச்சு

டென்மார்க்கிலிருந்து வந்த மிஷனரி பிர்கிட் அம்மா தன் மகளை வேதமுத்து சாரின் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறாள் என்றதும், சங்கரன்கோவிலிலேயே முதலில் பதறியது வேதமுத்து சார்தான். அவர்தான் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்.

"பெத்த தாயி செய்யுத காரியமா இது?" என்று மனைவி ஏசுவடியாளிடம் வருத்தப்பட்டார். "மத்த மிஷனரிமாரு பிள்ளைகள்லாம் கொடைக்கானல்ல படிக்கு. இந்தப் பிள்ளையை மட்டும் இங்கன போட்டுப் பாழாக்கணுமா?"

ஏசுவடியாள் மகள் ஞானதீபத்தின் டிரங்குப் பெட்டியில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞானதீபத்துக்கு எட்டு வயது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"துட்டு மிச்சம் பிடிக்காங்களோ என்னவோ" என்றாள் ஏசுவடியாள். "பாவம், அந்தப் பிள்ளை."

அந்த வினையைக் கூப்பிட்டு வந்ததே சாருடைய வாய்தான்.

வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் வேதமுத்து சார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்பார். தலை குறைந்தால் ஒரு வாத்தியாருக்கு வேலை போய்விடும். இந்த வருஷம் பிர்கிட் அம்மாவும் கூட வந்தாள். பெற்றோர்களோடு பழக வேண்டும் என்பது அவள் ஆசை. வெள்ளைக்காரி கூட வந்தால் எந்த வீட்டிலும் பாய் விரிப்பார்கள் என்பது சாருடைய கணக்கு. இரண்டும் நடந்தது.

சிவனாண்டிக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு, எழுத்து கிடையாது. மகள் முத்துத்தாய் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்; மூன்றாம் வகுப்புக்கு அவளைத் தன் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார் சார்.

"நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களா சார்வாள்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

"அண்ணாச்சி, நம்ம வாத்தியாருக அத்தனை பேரும் தங்கம். கணக்கும் இங்கிலீசும் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. எம்பிள்ளைன்னா என்ன, ஒங்க பிள்ளைன்னா என்ன, எனக்கு ஒண்ணுதான்."

"ஒங்க பிள்ளையும் அங்கனதான் படிக்கா?"

"கிணத்துல தண்ணி எப்படிக் கிடக்கு அண்ணாச்சி?" என்றார் சார்.

இதே பேச்சு எல்லா வீட்டிலும் நடந்தது. பிர்கிட் அம்மா பாயில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவள். கடைசி வீட்டை விட்டு வெளியே வந்ததும் சொன்னாள்:

"தலைமையாசிரியர் அவர்களே, தாங்கள் கூறியதை எல்லா வீடுகளிலும் கேட்டேன். இனி என் மகளை வேறு எங்கு அனுப்புவது? நாளை அழைத்து வருகிறேன்."

சொன்னபடி மறுநாள் சாயங்காலம் மகள் லீஸாவோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

சார் பிள்ளையை வெளியே விளையாட அனுப்பினார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. மூணாங்கிளாசும் நாலாங்கிளாசும் ஒரே ரூம்பு. ஐப்பசி மழை வந்தா ஓடு பூரா ஒழுகும், பிள்ளைக சிலேட்டைத் தலைக்குப் பிடிச்சிக்கிட்டு உக்காரும். தேவதாசன் வாத்தியாருக்கு வாசுதேவநல்லூர்ல வயல் இருக்கு. நடவுன்னா ஆளைப் பாக்க முடியாது. இங்கிலீசு வாத்தியாரு இங்கிலீசு தவிர எல்லாம் பேசுவாரு. பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது, பின்னால கருவேலங்காடுதான்."

"தாங்கள் அவர்களைக் கண்டிப்பதில்லையா?"

"கண்டிச்சாக் கேப்பாங்க. என்னத்துக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பிர்கிட் அம்மா இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"உண்மையைக் கூறியதற்கு மிக்க நன்றி. நான் அறியாமல் இருந்துவிட்டேன். லீஸாவை இங்கு சேர்க்கவில்லை."

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றிய திருப்தியில் காபி சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார்.

அவள் எழுந்து குடையை எடுத்தாள். "வேண்டாம். வாருங்கள், போகலாம்."

"எங்கன?"

"சிவனாண்டி வீட்டிற்கு. பிறகு மற்ற வீடுகளுக்கு. திங்கட்கிழமைக்குள் அவர்களுக்கும் இதைக் கூறிவிட வேண்டும் அல்லவா?"

சார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். குத்தலோ கேலியோ துளியும் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

"வெயில் தாழட்டுமே" என்று சொல்லிப் பார்த்தார்.

"தாழ்ந்துவிட்டது" என்றாள்.

சார் அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்தார். பிறகு, "குடையைக் கீழ வைங்கம்மா. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க, நான் ஒரு வழி பண்ணுதேன்" என்றார். அவள் குடையைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது, 'நீங்க சொன்னாச் சரி' என்ற சிவனாண்டியின் குரல் வழி முழுக்கக் கூடவே வந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டில் ஏசுவடியாள் பெட்டி மூடியின் மேல் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டு கேட்டாள்.

"பூட்டாண்டாம். எல்லாத்தையும் வெளிய எடு. திங்கட்கிழமையிலருந்து ஞானதீபம் என்கூட வாரா. மூணாங்கிளாஸ்ல முத்துத்தாய் பக்கத்துல உக்காரட்டும்."

ஏசுவடியாள் எழுந்தேவிட்டாள். "ஒங்க பள்ளிக்கூடத்துக்கா? அங்கன போயி பிள்ளை என்னத்தைப் படிக்கும்?"

வேதமுத்து சார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இனிமே படிக்கும்" என்றார்.