மொட்டைமாடியில் ஒரு வளையம்

“டீமை விட்டு எடுத்துடாதீங்க மேடம். பெஞ்சிலயாவது உக்கார வைங்க.”

கூடைப்பந்துப் பயிற்சியாளர் சலித்துக்கொண்டார். “வருஷம் ஒண்ணாச்சு. ஒரு பந்தாவது வளையத்துல விழுந்துச்சாடி?”

“பந்து பொறுக்கிப் போடறேன் மேடம்.”

அவள் கண் கலங்கியதும் அவர் மனம் இளகியது. அன்றே அவள் அப்பாவுக்குப் போன் செய்து, மகளின் ஆர்வத்தை ஆகா ஓகோவென்று புகழ்ந்தார். இன்னும் கொஞ்சம் பயிற்சி இருந்தால் போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் அவளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் புத்தம்புது வளையம்!

“இனிமே பிராக்டீஸுக்குன்னு நீ வெளியே அலையவே வேண்டாம் கண்ணு. மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்.”

காலேஜ் விட்டால் நேரே வீடு என்றிருந்தவளுக்கு, தோழிகளோடு ஒரு மணி நேரம் வெளியே இருக்கக் கிடைத்த ஒரே சாக்கு அந்தப் பிராக்டீஸ்தான்.

“சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு பாரு!” என்று அம்மாவிடம் பெருமையாகச் சிரித்தார் அப்பா.