ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பீட்சா

அமெரிக்காக்காரன் பிடுங்கிக்கொண்டது குடியுரிமையை மட்டும்தான், வீட்டை அல்ல. இதை ஊரை நம்ப வைப்பதற்குள் சண்முகவேலுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

புதுச்சத்திரம் டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வீட்டை இந்நேரம் ஏலம் விட்டிருப்பான் என்றார் ஒருவர். காரைப் போலீஸ்காரன் ஓட்டிக்கிட்டிருப்பான் என்றார் இன்னொருவர்.

"பத்திரம் இன்னும் எம் பேர்லதானுங்க இருக்குது. நாந்தான் உள்ள போக முடியாது" என்பார் சண்முகவேல்.

அந்தப் பேர்தான் வினையே. வீட்டில் கூப்பிடக் குலசாமி பேர் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. குலசாமி பேரில் முதலில் போய், மாட்டி, திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த தடவை பள்ளிக்கூடப் பேரில் போனார். குடியுரிமை மனுவில் வேறு பேர் உண்டா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். இந்தப் பக்கம் யாருக்குத்தான் ரெண்டு பேர் இல்லை? இருபது வருஷம் கழித்துக் கண்டுபிடித்து விமானம் ஏற்றிவிட்டான்.

இப்போது ஒரே ஒரு பெட்டியோடு மச்சினன் மாரியப்பன் வீட்டு முன்னறையில் இருக்கிறார்.

அந்த வீட்டை விற்றுத் தொலைத்தால்தான் மாரியப்பனுக்கு நிம்மதி. மாமாவைக் கட்டிப் போன மஞ்சுளா அக்கா அங்கேயே கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டியும் இல்லை. கடல் தாண்டிப் பூட்டிக் கிடக்கிற வீட்டை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? விற்றால் மாமா இங்கே சொந்தமாக ஒரு வீடு கட்டி கௌரவமாக இருக்கலாம்.

நல்ல பார்ட்டியும் அமைந்துவிட்டது. இன்று காலைக்குள் சரி சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்களாம்.

மாமா பிடியே கொடுக்கவில்லை.

மணி ஏழு. அங்கே முந்தின நாள் சாயங்காலமாம். மாரியப்பன் கண்ணெதிரிலேயே போனைத் தட்டி, ஆளில்லாத அந்த வீட்டுக்கு ஒரு பீட்சா ஆர்டர் போட்டார் மாமா!

தினமும் இதே கூத்துதான் என்று உண்ணாமலை சொன்னபோது மாரியப்பன் நம்பவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங்க மாமா, யாருங்க அங்க திங்கறது?"

"கொண்டாறவனே தின்னுக்குவான். நீ சித்த உக்காரு மாப்ள."

அந்த வீட்டு வாசல் பெல்லில் ஒரு கேமரா. அது காட்டுவதெல்லாம் போனில் தெரிந்தது. வெட்ட ஆளில்லாமல் முழங்கால் உயரத்துக்குப் புல். கதவோரம் ஒரு ஜோடி செருப்பு.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். தலையைக் கையால் கோதி, நேராக உட்கார்ந்துகொண்டார். பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று மாரியப்பன் முடிவு கட்டினான்.

அரைமணி நேரத்தில், தொப்பி போட்ட ஆள் ஒருவன் டப்பாவோடு படியேறி வந்தான்.

"மாமா, பார்ட்டி காத்துக்கிட்டிருக்குதுங்க..."

"உஸ்ஸ்!"

தொப்பிக்காரன் பெல்லை அழுத்தினான். ஆள் வராவிட்டால் பெல்லே பதில் சொல்லும்படி எப்போதோ ஒரு குரலைப் பதிந்து வைத்திருந்தார்கள்.

"யாருங்க? சித்த இருங்க சாமி, தா வாரேன்."

மாரியப்பன் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

விசா கிடைக்காமல், கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்காமல் விட்ட அக்கா. வாரேன் என்கிறாள்.

தொப்பிக்காரன் காத்து நிற்கவில்லை. பழகிப்போனவனாக டப்பாவைத் தானே திறந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மாரியப்பனின் போன் அடித்தது. வீட்டு புரோக்கர். எடுக்காமல் அணைத்து ஜோப்பில் போட்டான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"கடை சாத்தறதுக்குள்ள இன்னொன்னு சொல்லுங்க மாமா."