பன்னிரண்டு மதிப்பெண் கேள்வி

விடைத்தாளை இரண்டாம் முறை படித்துவிட்டு இஃப்பத் டீச்சர் அதில் பூஜ்யம் போட்டாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து வஹீப் எட்டிப் பார்த்தார்.

தந்தா நகரத்துப் பள்ளிக்கூட ஹாலில் நாலு நாளாக இருவரும் ஒரே மேஜையில் திருத்துகிறார்கள். ஒரு தாளுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அவர் மஹல்லா ஊர்க்காரர். அவள் தமன்ஹூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். அதற்கு மேல் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்பதாம் கேள்வி. பன்னிரண்டு மதிப்பெண். நமது ராணுவம் யேமனுக்குச் சென்றதற்கான காரணங்களை விளக்குக.

மாதிரி விடையில் ஆறு காரணங்கள் இருந்தன. காலையிலிருந்து எண்பது பெண்கள் அதே ஆறையும் அதே வரிசையில் எழுதியிருந்தார்கள்.

இந்தப் பெண் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘என் அண்ணன் பதினான்கு மாதம் யேமனில் இருந்தான். இந்தக் கேள்வியை அவனிடம் கேட்டேன். மலையில் ஒரு கிழவர் அவர்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு இதையேதான் கேட்டாராம். ஐந்து சிப்பாய்கள் ஐந்து காரணம் சொன்னார்களாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ரொட்டி ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றாராம். மறுநாள் அந்த ஊரின் மேல் நம் விமானங்கள் குண்டு போட்டன. அண்ணனுக்குக் காரணம் தெரியவில்லை. அதனால் எனக்கும் தெரியவில்லை.’

வஹீப் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பத்து மார்க்காவது போடலாம் டீச்சர். அஞ்சு காரணம் இருக்குன்னு அவளே எழுதிட்டாளே.”

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அஞ்சு பேர் சொன்னாங்கன்னு எழுதியிருக்கா. என்ன சொன்னாங்கன்னு எழுதல.”

“எழுதியிருந்தா மட்டும்? முதல் வருஷம் ஒரே காரணம். அங்க மன்னரைத் தூக்கி எறிஞ்சாங்க, உதவிக்குக் கூப்பிட்டாங்க, போனோம். நானும் நம்பினேன். ரெண்டாம் வருஷம் ரியாத் ராஜாவோட பணம்னாங்க. அப்புறம் ஏடன்ல இங்கிலீஷ்காரன். இப்ப ஆறு. காரணம்தான் கூடிக்கிட்டே போகுது, போன பசங்க வந்து சேரல.”

“கூடுனா என்ன சார்? அந்தச் சனத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் கெடையாது, ஒரு டாக்டர் கெடையாது. கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?”

மாதிரி விடையில் இந்த வார்த்தைகள் இல்லை. அவளுடையவைதான். அதைப் புரிந்துகொண்டு வஹீப் கொஞ்சம் தணிந்தார்.

“பள்ளிக்கூடம் கட்டப் போனவங்க ஏன் டீச்சர் குண்டு போடணும்?”

தலைக்கு மேல் மின்விசிறி அனலைக் கிளறிக்கொண்டிருந்தது.

“மத்த எல்லாத்தையும் எவ்வளவு நல்லா எழுதியிருக்கா பாருங்க. இந்தப் பன்னெண்டு போச்சுன்னா மருத்துவக் கல்லூரி கெடைக்காது. உண்மையைச் சொன்னதுக்கு இதுவா கூலி? நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேலதிகாரிகிட்ட கொண்டு போறேன். பேரை மறைச்சு ஒட்டின முத்திரையைப் பிரிச்சுப் பாக்கட்டும். இப்படி ஒருத்தி இருக்கான்னு யாருக்காவது தெரியட்டும்.”

எழுந்தே விட்டார்.

அவள் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“வேண்டாம் சார். போட்டது போட்டதுதான். கையெழுத்துப் போடுங்க.”

வஹீப் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்க வீட்லேருந்து யாரும் போகல போல.”

அவள் கையை எடுக்கவில்லை.

கடைசியில் அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள்.

முத்திரையைப் பிரித்தால் பெயர். பெயருக்குக் கீழே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. வீட்டில், குண்டு போட்ட கதையை வெளியே சொன்ன அண்ணன். அவனைத் தேடி வருகிறவர்கள் மாதிரி விடையோடு வர மாட்டார்கள்.

இரண்டு கையெழுத்து விழுந்த தாளை இனி யாரும் படிக்கப்போவதில்லை. தேர்வெண்ணைப் பார்த்து மார்க்கை ஏற்றிக்கொண்டு மூட்டை கட்டிவிடுவார்கள்.

கதவைத் திறந்தது அவள் மகள் நஜ்லா.

“எங்க ஸ்கூல் பேப்பர் ஏதாவது உங்ககிட்ட வந்துச்சாம்மா?”

“இல்லடி.”

“வந்தாலும் சொல்ல மாட்டீங்க.”

“காலைக் கழுவணும். தண்ணி எடுத்து வை.”

உள்ளறையில் மகன் முக்தார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யேமனிலிருந்து திரும்பிப் பத்து மாதம் ஆகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். கேட்டதற்குத் தலையாட்டுவான். யாரிடமும் பேசுவதில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தங்கையிடமாவது பேசியிருக்கிறான் என்பது இன்று அந்த விடைத்தாளில் நஜ்லாவின் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ரயிலடியில், போகத்தான் வேண்டுமா என்று கேட்டவனுக்குக் காரணங்களைச் சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

கட்டில் அருகே போய் நின்றாள்.

அவன் திரும்பாமலே காலை மடக்கி, அவள் உட்கார இடம் விட்டான்.