ஃபியூஸ் கை வைத்த வண்டி

“இந்தத் தடவையாவது உருப்படியா செய்வீங்களா, இல்லை அதே பழைய கதைதானா?”

ஜீப்பை ஷெட்டுக்குள் கட்டி இழுத்து வந்து நிறுத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் அந்தப் பெரியவருக்கு ஊர் வைத்த பெயர் ஃபியூஸ். அவர் பேட்டரியைக் கழற்றினார். பானெட்டுக்குள் தலையை விட்டார்.

“மொத்தமா மாத்திடணும் பாப்பா. வயர் எல்லாம் தொட்டாலே உதிருது.”

பாப்பாவாம்! நாற்பதை நெருங்குகிறவளுக்கு எரிச்சலாக வந்தது. வேறு வழியிருந்தால் இவர் வாசலை மிதித்திருக்கவே மாட்டாள். மற்ற மெக்கானிக்குகள் இந்த மாடலைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

பாறை ஆராய்ச்சி வேலையில் சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்திருந்தாள். அப்பாவின் ஜீப்பிலேயே மலைக்குப் போய்வர வேண்டும் என்று ஓர் ஆசை. அப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. ஜீப் அதற்கும் முன்பிருந்தே அசையவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த மனிதரை நம்பி விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வயர்கள் குடல் சரிந்த மாதிரி வெளியே வந்தன.

“இந்த மஞ்சள் வயர், மேல் விளக்குக்குப் போறது” என்றார்.

அந்த விளக்கு! அப்பா சர்வேயர். அம்மா இல்லாத வீடு என்பதால் பள்ளி விட்டதும் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். அவர் வரைபடத்தில் கோடு இழுக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் வாய்ப்பாடு எழுதினாள்.

“இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டா ஹாரன் அடிக்குமே, ஞாபகமிருக்கா?”

“இருக்கு” என்றாள் வேண்டா வெறுப்பாக. அப்பா சொல்வார்: ‘மரியாதை தெரிஞ்ச வண்டிம்மா. சொல்லிட்டுத்தான் திரும்பும்.’

“அதை மட்டும் அப்படியே விட்டுடட்டுமா?”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற விஷயமா இது? அவள் தூரத்து ஊரில் மேல்படிப்புக்குப் போன அந்த இரண்டு வருடமும் ஜீப் கிளம்பவே இல்லை. அவள் கடிதம் மேல் கடிதமாக எழுதினாள். போன் பண்ணும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பாட்டுத்தான்: ‘வயரிங் கோளாறும்மா. இந்த ஃபியூஸ் பய கை வெச்சான், வண்டி படுத்துடுச்சு. வாரா வாரம் வந்து பானெட்டைத் திறக்கறான், கிளம்பினபாடில்லை.’

அவள் தங்கப் பதக்கம் வாங்கிய நாளில்கூட அப்பா வரவில்லை. பஸ்ஸில் வாங்கப்பா என்றால், ‘வந்தா என் வண்டியிலதான் வருவேன்’ என்று ஒரே பிடிவாதம். மேடையிலிருந்து அவள் பார்த்தபோது முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

எல்லாம் இந்த ஆளால்.

பெரியவர் பழைய வயர்க் கட்டைத் தரையில் போட்டார். அவள் கண்ணில் அது பட்டது. எல்லா வயரும் வெடித்து, உதிர்ந்து கிடக்க, ஒன்றே ஒன்று மட்டும் கத்தி வைத்தது போல நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும் அழகாக டேப் சுற்றியிருந்தது.

“இது எது?”

“இக்னிஷன் வயர். சாவியை முறுக்கினா வண்டியைக் கிளப்பறது.”

“யார் வெட்டினது?”

பெரியவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நான்தான்.”

அவள் எழுந்துவிட்டாள். “தெரிஞ்சே வெட்டினீங்களா? வாரா வாரம் வந்து பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, அந்த மனுஷனை ஏமாத்தியிருக்கீங்க!”

“அவர்தான் வெட்டச் சொன்னார் பாப்பா.”

“அப்பாவா? எதுக்கு?”

“நீ படிக்கப் போன புதுசுலயே உங்க அப்பாவுக்குக் கண்ணு ரெண்டும் மங்க ஆரம்பிச்சிடுச்சு. இனி தேறாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். ஒரு நாள் வண்டியைச் சுவத்துல உரசிட்டு வந்து நின்னார். ‘சாவியைக் கையில எடுத்தா ஓட்டத் தோணுதுடா. நானே முறுக்கினாலும் கிளம்பாத மாதிரி பண்ணிடு’ன்னார்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு அவருக்குப் பயம். ‘வயரிங் கோளாறுன்னு சொல்லிக்கறேன், பழி உன் மேல விழும், பரவாயில்லையாடா’ன்னு என்னைக் கேட்டார். விழட்டும்னேன்.”

“நான் ரெண்டு தடவை லீவுக்கு வந்தேனே? எனக்குத் தெரியலையே!”

“ரெண்டு ரெண்டு நாள்தானே இருந்தே? அந்த வீட்டுக்குள்ள நடக்க அவருக்குக் கண்ணு எதுக்கு?”

ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அவர் போனப்புறமாவது நீங்க சொல்லியிருக்கலாமே.”

“போன மனுஷன் பொய் சொன்னார்னு நான் எந்த வாயால சொல்றது?”

பெரியவர் புது வயரைப் பிரித்து நீட்டி அளவெடுக்க ஆரம்பித்தார். தரையில் கிடந்த அந்த வெட்டுப்பட்ட வயரை அவள் கையில் எடுத்தாள்.

“கிளம்பவே கூடாத வண்டிக்கு அப்புறம் எதுக்கு வாரா வாரம் வந்தீங்க?”

“பானெட்டைத் திறந்தது பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்கறதுக்கு. நான் வந்தது நீ எழுதற லெட்டரை அவருக்குப் படிச்சுக் காட்ட” என்றவர், தலையைத் தூக்காமலே சிரித்தார். “என்னைத் திட்டி எழுதுவியே பாப்பா, அதையெல்லாம் ஒரு வரி விடாம நான்தான் படிச்சேன்.”