மம்பி வைத்த மல்லி

தேர்வாய் கண்டிகையிலிருந்து வரும் கம்பெனி பஸ் தெருமுனையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாத மூலையில், ஒரு பழைய பெயின்ட் வாளியின் முன் சந்திரகலா குந்தியிருக்கிறாள். வாளியில் மல்லி. நம் கொத்தமல்லி இல்லை. நாக்கு மாதிரி நீண்ட இலை, விளிம்பெல்லாம் ரம்பப் பல், தொட்டாலே விரலில் ஏறிக்கொள்ளும் வாசனை. அந்தக் கம்பெனி வேலைக்கு வந்து மாடி ரூமில் குடியிருந்த திரிபுராக்காரப் பெண் மம்பி வைத்தது. பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. மேலே பூட்டு தொங்குகிறது. செடியின் நடுவிலிருந்து முள்ளும் பூவுமாய் ஒரு தண்டு கிளம்பியிருக்கிறது. பூக்கவிட்டால் இலை முற்றிவிடும், வெட்டிக்கொண்டே இருங்கள் என்று மம்பி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சந்திரகலா தண்டைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறாள். அடியில் யாரும் பறிக்காத இலைகள் மஞ்சளாகிக் கிடக்கின்றன.

“இன்னும் அந்தச் செடியவே பாத்துக்கினு கீறியா? அந்தப் பொண்ணு இனிமே வராது. புடுங்கிப் போடு.” கழனியிலிருந்து வந்த அவள் புருஷன் ஆதிநாராயணன் குழாயடியில் கால் கழுவுகிறார்.

“அவ வர்றசொல்ல எல எளசா இருக்க வாணாமா?”

மம்பி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமையானால் இந்த இலை வெந்த மீன்குழம்பு வாசனை மாடியிலிருந்து படி படியாக இறங்கி வரும். இன்று அடுப்பில் அவர்கள் வீட்டுக் குழம்பு மட்டும் கொதிக்கிறது. ஆதிநாராயணன் துண்டால் முகத்தை மூடித் துடைக்கிறார். துண்டை எடுக்காமலே சொல்கிறார்:

“கொயம்புல அதுல ஒரு எல போடேன்மே.”