ஓடையில் ஒன்றுமில்லை

"வித்துட்டேன்" என்றான் லிசார்தோ.

"எத்தனைடா?" என்று கேட்டாள் ஊர்த் தலைவி சொய்லா. அவன் அவளுக்குச் சித்தப்பா மகன்.

"இருந்த அத்தனையும்."

ஊரே கூடி ஊருக்காக உழைக்கும் மிங்கா நாள் அது. வாய்க்கால் வெட்டிய சேறு பூட்ஸில் காயுமுன்னரே சபை கூடிவிட்டது.

அவன் விற்றதாகச் சொன்னது தவளைகளை. ஆரஞ்சுக் கோடு போட்ட அந்த இனம், மேகம் தங்கும் மலைக்காட்டின் மேல் ஓடையில் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதைக் காக்கத்தான் லிசார்தோவைக் காவலனாக அமர்த்தியிருந்தார்கள்.

"பதினொண்ணு இருக்குன்னு போன வருஷம் இதே சபையில சொன்னான். மறுவாரமே தலைநகரு கீத்தோலேர்ந்து ஒருத்தன் சீசாவோட வந்து நாலைப் புடிச்சுட்டுப் போனான். வழி காட்டினது யாருங்கறேன்?" என்றான் ஊர்க்காரன் காலோ. "நம்மளைப் பார்த்தா மட்டும், சேத்துக் காலால தவளைக்கு நோய் ஒட்டும், பூட்ஸைக் கழுவுன்னு உபதேசம். பெரிய டாக்டரு."

சிலர் சிரித்தனர். லிசார்தோ தரையையே பார்த்திருந்தான்.

"இனி மிங்காவுக்கு இவனைக் கூப்பிடக் கூடாதுக்கா. நாம சேர்ந்து சாப்பிடற விரிப்புல இவனுக்குச் சோளமும் கிடையாது, கிழங்கும் கிடையாது" என்று முடித்தான் காலோ.

அந்த ஊரில் அதனினும் பெரிய தண்டனை இல்லை.

"ஓடையைப் பார்த்துட்டு வந்து சொல்றேன். யாரும் கூட வர வேணாம்" என்று எழுந்தாள் சொய்லா.

ஓடைக்குப் போகும் தடத்தின் முடிவில், பெரணிச் செடியின் கீழ், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் நிறைந்த வாளி இருந்தது. பக்கத்தில் தேய்ந்துபோன பிரஷ்.

சொய்லா அதனருகே குனிந்தாள்.

ஓடைக்குள் இறங்கியதும், ஈரப் பாறை மீது ஆரஞ்சுக் கோடு ஒன்று மெல்ல நடந்தது. அதன் பின்னே இன்னொன்று. தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகள்.

இருக்கிறது என்று சொன்னால், மாலைக்குள் ஊரே சேற்றுக் காலோடு மேலே வரும். மறுவாரம் சீசாவும் வரும். காணோம் என்றாலும் தேடி வருவார்கள். விற்றுப்போனதை எவரும் தேடுவதில்லை.

அவள் இறங்கி வந்தபோது எவரும் உணவை விரித்திருக்கவில்லை.

"என்னக்கா, இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. வித்துத்தான் இருக்கான்." என்றாள் சொய்லா. "மிங்காவுக்கு இனி இவனைக் கூப்பிடாதீங்க."

குனிந்த தலை நிமிராமலே, லிசார்தோ அவள் கால்களைப் பார்த்தான்.

ஊரே சேற்றோடு நிற்க, சொய்லாவின் பூட்ஸ் மட்டும் அடிவரை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது.