அரை மணி நேர நிழல்

"மறுபடியுமா?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். மொட்டை மாடியில், கட்டி முடித்த கம்பிகளுக்கு நடுவே ஒல்லியன் சுருண்டு கிடந்தான்.

"நேத்து ஒருத்தன், முந்தாநாள் ஒருத்தன். வீட்ல சோறு திங்கிறீங்களா, காத்தைத் திங்கிறீங்களா?"

கம்பி கட்டும் ஆட்கள் ஒல்லியனைத் தூக்கிக்கொண்டு ஓரத்திலிருந்த தார்ப்பாய் நிழலுக்குப் போனார்கள்.

கான்ட்ராக்டர் போட்ட விதி அது. வெயிலில் எவனாவது மயங்கி விழுந்தால் எல்லாருக்கும் அரை மணி நேரம் ஓய்வு. யாரும் விழாவிட்டால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிரக் கூடாது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

விதி அப்படி இருந்தால் ஆட்கள் என்ன செய்வார்கள்? விழுந்தார்கள். முறை வைத்து, தினமும் உச்சி வெயிலில் ஒருத்தர் பொய்யாக மயங்க, மற்றவர்கள் தண்ணீர் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பய பின்றான்" என்று கிசுகிசுத்தார் கூட்டத்தில் மூத்தவர். "கண்ணு எப்படிச் சொருகுது பாரு. நமக்கெல்லாம் இது வராதுப்பா."

ஒல்லியனின் அக்கா புருஷன் சிரிப்பை அடக்க, பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

மேஸ்திரி குனிந்து ஒல்லியனின் நெற்றியைத் தொட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"என்னய்யா, அடுப்பு மாதிரி கொதிக்குது. ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

ஆம்புலன்ஸ் வந்தால் குட்டு உடைந்துவிடும். நாளையிலிருந்து அந்த அரை மணியும் போய்விடும்.

"அதெல்லாம் வேணாம் மேஸ்திரி" என்றான் அக்கா புருஷன் அவசரமாக. "என் பொண்டாட்டியோட தம்பி. எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் படுத்தா எந்திரிச்சுடுவான்."

மேஸ்திரி அரை மனதோடு இறங்கிப் போனார்.

ஒருத்தன் காலை நீட்டிப் படுத்தான். இன்னொருத்தன் குட்டித் தூக்கம் போட்டான். ஒல்லியனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி முடிந்ததென்று கீழே விசில் ஒலித்தது.

"டேய் மாப்ள, போதும் எந்திரி."

அசைவில்லை. அக்கா புருஷன் அவனைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னிக்கு இவன் முறைதானே? யாராவது சொல்லுங்கய்யா. இவன் முறைதானே?"

மூத்தவர் ஒல்லியனின் காலருகே குந்தினார்.

"என் முறைப்பா. வயசானவனாச்சேன்னு எனக்குப் பதிலா விழுந்துட்டான்னு நெனச்சேன்."